பழகிடும் என்று சொன்னேன்



போன மாதம் சித்தன்னவாசல் வரை சைக்கிளில் போய்வந்த படத்தைப் போட்டிருந்தேன். "சார், இந்த வயசுல இவ்வளவு தூரமா? உடம்பு எப்படி இருக்கு?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறது என்று எல்லோருக்கும் பதில் போட்டேன். இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு நாலு மாதம் நன்றாக இல்லை. அதை இன்று எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், விஷயமும் கொஞ்சம் கூச்சமானது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்க மண்டலம் பாடம் வந்தால், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு இரண்டு மார்க்தான் வரும்" என்று பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போனவன் நான். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். அந்தப் பழைய பாக்கியில் கொஞ்சத்தை இன்று அடைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சைக்கிளுக்குப் புதியவன் இல்லை. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பதினெட்டு வருடம், தினமும் போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு கிலோமீட்டர். அம்பத்தூரில் தயாரான கறுப்பு ராலே சைக்கிள். அகலமான சீட்டு, அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங், நெஞ்சு உயரத்துக்கு ஹேண்டில்பார். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போவோம். டியூப் பஞ்சராகும், செயின் கழலும். உட்காருகிற இடத்தில் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பிறகு மொபெட் வந்தது, சைக்கிள் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. 2016-இல் ஓய்வு பெற்றேன்.

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகன் ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். "சர்க்கரை எல்லையில நிக்குதுப்பா, தினமும் ஓட்டுங்க" என்றான். பார்க்க அழகான வண்டி. சீட்டு மட்டும் வாழைப்பூ மாதிரி ஒல்லியாக, நுனி கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு இருந்தது. ஹேண்டில் தாழ்வு. குனிந்துதான் ஓட்ட வேண்டும். இந்தக் காலத்துச் சைக்கிள் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஐந்து கிலோமீட்டர். பிறகு பத்து. மார்கழி பிறந்தபோது அன்னவாசல் ரோட்டில் பதினாறு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் அது தொடங்கியது. கிளம்பி அரை மணி நேரத்தில் கவட்டையில் உணர்ச்சி குறையும். முதலில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும், பிறகு அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். இறங்கி நாலு நிமிடம் நடந்தால் திரும்பிவிடும். புதுசுதானே, பழகிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழகவில்லை. தையில், வீட்டுக்கு வந்து குளித்து இட்லி சாப்பிடும் வரைக்கும் மரத்தே இருந்தது. ஒருநாள் மத்தியானம் வரை இருந்தது. வலித்தால் யாரிடமாவது சொல்லலாம். மரத்துப்போனதை என்னவென்று சொல்வது, அதுவும் அந்த இடத்தில்? ராத்திரி படுத்தால் மனது எங்கெங்கோ போகும். சர்க்கரை நரம்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டதோ? புராஸ்டேட்டோ? என் பெரியப்பா கடைசிக் காலத்தில் சிறுநீர்க் குழாயோடு கிடந்தது கண்ணுக்கு முன் வந்துவிடும்.

கடையில் போய், மெத்து மெத்தென்று ஒரு ஜெல் உறை வாங்கி சீட்டுக்கு மாட்டினேன். கையால் அமுக்கினால் இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது. அதை மாட்டிய பிறகு மரத்துப்போவது இருபது நிமிடத்திலேயே வர ஆரம்பித்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மாசி மாதம் சைக்கிளை வராந்தாவில் சாத்தி, பழைய வேட்டியால் மூடிவிட்டேன். வீட்டில் கேட்டார்கள்: "ஏங்க, சைக்கிள் எடுக்கலையா?" முழங்கால் வலி என்று ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது. தினமும் ராத்திரி பிண்டத் தைலத்தைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து, என் இரண்டு முழங்காலுக்கும் அரை மணி நேரம் தேய்த்துவிட்டார்கள். தங்களுக்கே இடுப்பு வலி இருக்கும்போது தரையில் உட்கார்ந்து தேய்த்தார்கள். நல்ல முழங்காலுக்கு எண்ணெய். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் முடியவில்லை. "முழங்கால்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லி, விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன்.

சிரிப்பார்கள் அல்லது பயப்படுவார்கள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு."

இங்கே ஒரு முப்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1991, 92-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஆயிரக்கணக்கான பெண்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று எல்லோரும் சைக்கிள் ஏறினார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று கணக்குச் சொன்னார்கள். பின்னால் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி, அது நாடு முழுக்கத் தெரிந்தது. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு என்பதால் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். முன்பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பிய பெண்களும் இருந்தார்கள்.

நான் அந்த இயக்கத்தில் தொண்டன். ஊர் ஊராகப் போய் மேடையில் பேசியவன். என் வீட்டுக்காரரும் அப்போது சைக்கிள் கற்றார்கள். நிலா வெளிச்சத்தில் பள்ளிக்கூட மைதானத்தில், என் ராலே சைக்கிளில். கற்று, நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு குடியிருப்புக்குச் சாயங்காலம் பாடம் நடத்தப் போய்வந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "முடியல" என்றார்கள். அவ்வளவுதான். நான் என் அம்மா எதிரிலேயே, "ஆரம்ப சூரத்தனம்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் சைக்கிளைத் தொடவில்லை.

இப்போது தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள்: "உங்க உசரத்துக்கு வெச்ச சீட்டு. எனக்குப் பெடல் அடி வரைக்கும் எட்டாது. ஒவ்வொரு மிதிக்கும் இந்தப் பக்கம் சாஞ்சு அந்தப் பக்கம் சாஞ்சு ஓட்டுவேன். தோல் உரிஞ்சு புண்ணாகும். ஒண்ணுக்குப் போனா தீ வெச்ச மாதிரி எரியும். சில நாளு மரத்துப் போயிரும், அது வந்தா நிம்மதியா இருக்கும். ஒரு தடவை உங்ககிட்ட, சீட்டைக் கொஞ்சம் எறக்கித் தாங்கன்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"பழகிடும்னு சொன்னீங்க."

அது நான் சொல்லக்கூடிய வார்த்தைதான். இறக்கினால் காலையில் நான் மறுபடி ஏற்ற வேண்டும். ஸ்பேனர் தேட வேண்டும். அந்தச் சோம்பலுக்காகச் சொல்லியிருப்பேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் விடுதலை என்று மேடையில் பேசினேன். வீட்டில் ஒரு நட்டைத் தளர்த்த எனக்கு நேரமில்லை. இப்போது இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாளே அவர்கள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். சிறுநீரகவியல் டாக்டர், வயது நாற்பதுக்குள் இருக்கும். நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்ததை, "சைக்கிள் ஓட்டினா கவட்டை மரத்துப்போகுது டாக்டர்" என்று வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். டாக்டர் பாதத்தைக் குத்திப் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், சிறுநீர் பரிசோதனை எழுதினார். சர்க்கரையால் வருகிற நரம்புக் கோளாறு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும், உங்களுக்குப் பாதம் நன்றாக இருக்கிறது, இது சீட்டின் வேலை என்றார். மூன்று வாரம் சைக்கிள் வேண்டாம், சீட்டைச் சரிசெய்யாமல் ஏறவும் வேண்டாம் என்று அனுப்பினார். மூன்று வாரத்தில் உணர்ச்சி முழுக்கத் திரும்பிவிட்டது.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். நம் புட்டத்துக்கு அடியில் இரண்டு எலும்பு முட்டுகள் உண்டு. கடினமான பெஞ்சில் உட்கார்ந்தால் உறுத்துமே, அவைதான். உடம்பின் கனத்தைத் தாங்குவதற்காகவே உள்ளவை. அந்த இரண்டுக்கும் நடுவில், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் உள்ள மெல்லிய இடத்துக்குப் புடெண்டல் நரம்பும் அதோடு சேர்ந்த இரத்தக் குழாய்களும் வருகின்றன. அந்த இடம் கனம் தாங்குவதற்கு ஏற்பட்டது அல்ல. ஒல்லியான சீட்டில் குனிந்து உட்கார்ந்தால், எலும்பு சீட்டுக்கு வெளியே தொங்கிவிடும், கனம் முழுக்க நரம்பின் மேல் விழும். பந்தியில் சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறதல்லவா, அதே சங்கதி. பெண்களுக்கும் அதே நரம்புதான், அதே எலும்புதான். அவர்களுக்கு எலும்பு முட்டுகளின் இடைவெளி சராசரியாகக் கொஞ்சம் அதிகம் என்பதால், ஒல்லிச் சீட்டு இன்னும் பொருந்தாது.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது. இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! 400 நியூட்டன் கனம் 100 சதுர சென்டிமீட்டரில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 நியூட்டன். அதுவே 40 சதுர சென்டிமீட்டரில் விழுந்தால் 10 நியூட்டன். ஆணி ஏன் கூராக இருக்கிறது, ஒட்டகத்தின் பாதம் ஏன் அகலமாக இருக்கிறது என்றெல்லாம் கேள்வி கேட்டவன், தான் உட்காருகிற இடத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் நியோஷ் என்கிற அரசு நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு முன்நுனியே இல்லாத சீட்டைக் கொடுத்துப் பார்த்திருக்கிறது. 2008-இல் வெளியான ஆய்வு, 90 போலீஸ்காரர்கள். மரத்துப்போவதே இல்லை என்று முதலில் சொன்னவர்கள் 100-க்கு 27 பேர். ஆறு மாதம் கழித்து 82 பேர். ஆக, இது எனக்கு மட்டும் வந்த விசித்திர வியாதி இல்லை. துப்பாக்கி வைத்திருக்கிற போலீஸ்காரர்களுக்கே வந்தது.

சைக்கிளைச் சரிசெய்தது நம் மாணவன் ஒருவன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பில் அழுத்தத்துக்கு வரையறை சொல்லத் தெரியாமல் நின்றதற்காக என்னிடம் ஸ்கேலால் அடி வாங்கியவன். அதை அவனே சிரித்துக்கொண்டு ஞாபகப்படுத்தினான். பிறகு ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்டூலில் போட்டு, "உக்காருங்க சார்" என்றான். எழுந்த பிறகு அட்டையில் இரண்டு குழி தெரிந்தது. அளந்தான். "சார், உங்க எலும்பு இங்க இருக்கு. உங்க சீட்டு இவ்வளவுதான். அப்ப கனம் எங்க விழும்?" இம்முறை பதில் தெரியாமல் நின்றவன் நான். அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், அதனாலதான் மறக்கல" என்றான். அவன் பெருந்தன்மைக்காகச் சொன்னது அது. அடித்தது சரி என்று ஆகிவிடாது.

அவன் செய்ததையும் நான் பழகித் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். சைக்கிள் வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

1. சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. கணக்குப் பிரியர்களுக்கு: செருப்பில்லாமல் சுவரோடு நின்று, ஒரு நோட்டைக் கவட்டையில் மேலே இறுக்கி வைத்து, தரையிலிருந்து நோட்டின் மேல்விளிம்பு வரை அளந்து, 0.883-ஆல் பெருக்குங்கள். எனக்கு 78 செ.மீ., பெருக்கினால் சுமார் 69 செ.மீ. பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அவ்வளவு இருக்க வேண்டும். உயரம் அதிகமானால் இடுப்பு ஆடும், தோல் உரியும்.

2. சீட்டின் மட்டம். கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். நுனி மேலே தூக்கியிருக்கக் கூடாது. மட்டமாகவோ, ஒரு மயிரிழை கீழே சாய்ந்தோ இருக்கலாம். ரொம்பச் சாய்த்தால் உடம்பு முன்னால் வழுக்கி, கனம் கைக்குப் போய்க் கை மரத்துப்போகும்.

3. அகலம். அட்டையில் விழுந்த இரண்டு குழிகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்து, இரண்டு சென்டிமீட்டர் போலக் கூட்டுங்கள். அந்த அகலத்துக்குக் குறைந்த சீட்டு வேண்டாம். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுகள் கிடைக்கின்றன. எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

4. மெத்தென்ற ஜெல் உறையை நம்பாதீர்கள். எலும்பு அதில் அமுங்கும், அமுங்கிய ஜெல் நடுவில் எழும்பி, எந்த இடத்தை அழுத்தக் கூடாதோ அதையே அழுத்தும். என் இருபது நிமிடக் கதை அதுதான். கொஞ்சம் கெட்டியான சீட்டே நல்லது.

5. ஹேண்டில். வயதானவர்கள் உயர்த்தி வையுங்கள். குனியக் குனிய, கனம் எலும்பிலிருந்து முன்னால் நகரும்.

6. பத்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று சில விநாடி ஓட்டுங்கள். இரத்தம் ஓடட்டும். வேகத்தடை வந்தால் எழுந்துகொள்ளுங்கள். நிற்க முடியாதவர்கள் இறங்கி ஒரு டீ குடியுங்கள்.

7. உடை. தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கலாம். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். தோல் உராய்ந்தால் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

8. மரத்துப்போனால் அங்கேயே நிறுத்துங்கள். இறங்கிய பிறகும் மணிக்கணக்கில் நீடித்தால், சிறுநீர் போவதில் சிரமம் இருந்தால், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், தாம்பத்தியத்தில் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் போங்கள். கூச்சம் பார்க்காதீர்கள். அவர்கள் தினமும் கேட்கிற விஷயம்தான்.

என் பழைய மாணவிகளுக்குத் தனியாக ஒன்று. உங்களில் பலர் அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்கு வந்தவர்கள். சைக்கிள் வந்த அன்று வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தோம், கை தட்டினோம். யாருக்கு எந்த உயரத்தில் சீட்டு இருக்க வேண்டும் என்று ஒரு ஆசிரியரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சில பிள்ளைகள் சில நாட்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவார்கள். ஏன் லேட் என்று திட்டியிருக்கிறேன். பஞ்சரா என்று கேட்டால் தலையை ஆட்டுவார்கள். டயரில் காற்று நன்றாக இருக்கும். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் மகள்கள் இன்று சைக்கிள் ஓட்டினால், ஒருமுறை பக்கத்தில் நின்று சீட்டைப் பாருங்கள். இறக்கித் தா என்று பிள்ளை கேட்டால், உடனே இறக்கிக் கொடுங்கள்.

இன்னும் ஒரு சேதி இருக்கிறது. மாட்டுக்கொட்டகையில் கிடந்த ராலே துருப்பிடித்துப் போயிருந்தது. அதன் சீட்டும் ஸ்பிரிங்கும் மட்டும் உயிரோடு இருந்தன. நம் கடைக்கார மாணவன் அந்தச் சீட்டைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டு, ஒரு பழைய லேடீஸ் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தான். போன வாரம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "அறுபத்தோரு வயசுல எனக்கு எதுக்குங்க" என்றார்கள். நான் பதில் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்து, அவர்களை உட்காரச் சொல்லி, கால் எட்டும் வரை சீட்டை இறக்கினேன். மூன்று தடவை இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். மூன்றாம் தடவை, "சரியா இருக்கு" என்றார்கள்.

முதல் நாள் தெருமுனை வரை போனார்கள், நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நேற்று தனியாகச் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வந்தார்கள். வலிக்கிறதா என்று கேட்டேன். "தொடைதான் கொஞ்சம் வலிக்குது. பழகிடும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர்கள் அனுமதி வாங்கித்தான் இதை எழுதியிருக்கிறேன். முழுக்கப் படித்துக் காட்டினேன். "போடுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்றார்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். எல்லோர் எதிரிலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கேளுங்கள். இந்தமுறை பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போக மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்